ஹை பானெட்டை வெட்டாதீர்கள்

பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் சீர்செய்து ஓட்ட ஆசைப்படும் நண்பர்களுக்கு,

உங்களில் பெரும்பாலோர் மனத்தில் வைத்துத் தேடுவது இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப். கைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் மஹிந்திரா சி.ஜே.-3பி. முகப்பு உயர்ந்து, பானெட் மேடாக நிற்கும் அந்த வண்டியைத்தான் பட்டறைகளில் ஹை பானெட் என்கிறார்கள். வாங்கிய சில வாரங்களிலேயே அது டிங்கர் பட்டறைக்குப் போகிறது. பானெட்டும், கண்ணாடிக்குக் கீழே உள்ள தகடும் வெட்டித் தாழ்த்தப்படுகின்றன. பழைய கிரில் காயலான் கடைக்குப் போக, ஒன்பது துளை வைத்த புதுக் கிரில் பற்றவைக்கப்படுகிறது. மேலே ஆலிவ் பச்சை, பானெட்டில் ஒரு வெள்ளை நட்சத்திரம். அதற்குப் பிறகு அந்த வண்டியை எல்லோரும் '1942 வில்லிஸ்' என்று அழைக்கத் தொடங்குகிறார்கள். இதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்த மடல். உண்மையான ஒரு வரலாற்றை அழித்து, இல்லாத ஒரு வரலாற்றை அதன்மேல் பூசுகிற வேலை இது. வரலாறு ஒருபுறம் இருக்க, என்ஜினுக்கும் சட்டப்படியான பதிவுக்கும் உங்கள் பணத்துக்கும்கூட இதனால் கேடுதான்.

போர் ஜீப்பின் மீதுள்ள மோகம் புரியாததல்ல. 1940 கோடையில் அமெரிக்க ராணுவம் இலகுவான நாற்சக்கர இயக்க வண்டி ஒன்றைக் கேட்டபோது, பென்சில்வேனியாவின் பட்லர் ஊரில் இருந்த பாண்டம் என்ற சிறு நிறுவனம், கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து முதல் மாதிரியைச் செய்து, அந்த ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் ஒப்படைத்தது. அந்த வரைபடங்கள் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்கும் போயின. தன் பொறியாளர் பார்னி ரூஸ் மேம்படுத்திய 60 குதிரைத்திறன் என்ஜினின் வலுவில் வில்லிஸ் ஒப்பந்தத்தைப் பெற்றது. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்துவிட்டன. அவற்றில் ஒரு பகுதி அஸ்ஸாம், பர்மா போர்முனைகளுக்காக இந்தியாவுக்கும் வந்தது. போருக்குப் பின் இங்கேயே தங்கிப்போனவற்றில் அசலானவை சில இன்னும் ஓடுகின்றன. அப்படி ஒன்று உங்களுக்கு வாய்த்தால் ஆலிவ் பச்சையும் நட்சத்திரமும் அதற்கு உரியவையே. அந்த வண்டிகளைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

சி.ஜே.-3பியின் கதை வேறு. 1945இல் மஹிந்திரா & முகமது என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், பிரிவினைக்குப் பின் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானின் நிதியமைச்சராகப் போனதும், 1948இல் மஹிந்திரா & மஹிந்திரா ஆனது. 1947லேயே அது வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியிருந்தது. 1950களில் உதிரிகளை ஒவ்வொன்றாக உள்நாட்டிலேயே செய்யும் கட்டம் வந்தது. அந்தக் கட்டத்தில் இந்தியாவுக்கு வாய்த்த மாதிரிதான் சி.ஜே.-3பி. அமெரிக்காவின் டொலிடோ ஆலையில் அது 1953 முதல் 1968 வரைதான் உற்பத்தியானது. மொத்தம் ஏறத்தாழ 1,55,000 வண்டிகள். அங்கே நிறுத்திய பிறகும் மஹிந்திரா பல பத்தாண்டுகள் அதே முகத்தோடு ஜீப் செய்துகொண்டே இருந்தது. ஜப்பானில் மிட்சுபிஷியும், துருக்கியில் ஓர் ஆலையும் இதே குடும்பத்து வண்டிகளைச் செய்தன என்றாலும், ஒரு நாட்டின் அன்றாட வாழ்வில் அது இவ்வளவு ஆழமாக இறங்கியது இங்கேதான். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசலில் நின்ற பி.டி.ஓ. ஜீப், வனத்துறை ஜீப், போலீஸ் ஜீப், தேர்தலுக்கு மைக் கட்டிய ஜீப், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போன ஜீப் என்று தமிழ்நாட்டு நினைவில் ஜீப் என்ற சொல்லுக்கு எழும் உருவம் இந்த உயர்ந்த முகம்தான். அதை வெட்டுகிறவர்கள் அமெரிக்க வண்டியை மீட்கவில்லை. நம்முடைய வண்டிகளில் ஒன்றைக் குறைக்கிறார்கள்.

அந்த மேடான பானெட் அழகுக்காக வைத்ததும் அல்ல. போர்க்கால என்ஜினில் உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் பிளாக்கின் பக்கவாட்டிலேயே இருந்தன. அடுத்து வந்த ஹரிக்கேன் என்ஜினில் உள்வாங்கும் வால்வு மேலே சிலிண்டர் ஹெட்டுக்குள் ஏறியது. கார்புரேட்டரும் அதோடு மேலே போனது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் நீளமும் மாறவில்லை, கொள்ளளவும் அதே 2.2 லிட்டர்தான். ஆனால் காற்று நன்றாக உள்ளே போனதால் திறன் 60இலிருந்து 70 குதிரைத்திறனைத் தாண்டியது. உயரமான அந்த என்ஜின் பழைய பானெட்டுக்குக் கீழே அடங்காததால் பானெட்டை உயர்த்தினார்கள். அதே என்ஜினுக்காக ராணுவத்துக்குச் செய்த எம்-38ஏ1 வண்டியில் முகப்பையே வளைவாக மாற்றி வரைந்தார்கள்; சி.ஜே.-3பியில் சிக்கனமாக, இருந்த உடலுக்கே மேடு வைத்தார்கள். ஆகவே பானெட்டைத் தாழ்த்த முடிவெடுத்த நிமிடமே அந்த என்ஜினை வெளியேற்றவும் முடிவெடுத்துவிடுகிறீர்கள். அதன் இடத்தில் ஏதோ ஒரு டீசல் என்ஜின் வந்து உட்காரும். அதற்கேற்ப மவுண்டிங் வெட்டப்படும், ரேடியேட்டர் நகரும், கிளட்ச் ஹவுசிங்குக்குத் துண்டு இணைப்பு வேண்டியிருக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும். பானெட்டில் தொடங்கும் வெட்டு அங்கேயே நிற்பதில்லை.

இவ்வளவு செய்த பிறகாவது அது வில்லிஸ் ஆகுமா? விஷயம் தெரிந்தவர் கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. போர் ஜீப்புகள் தொழிற்சாலையிலிருந்து இடப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்தவை, உங்களுடையது வலப்பக்கமாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். அவற்றுக்குப் பின்பக்கக் கதவு கிடையாது. பின்தகட்டில் ஸ்டெப்னியும் எண்ணெய்க் கேனும் தொங்கும். பொதுமக்களுக்கான சி.ஜே. வரிசையில்தான் கீழே மடங்கும் பின்கதவு வந்தது. போர் ஜீப்பில் பெட்ரோல் ஊற்ற ஓட்டுநர் இருக்கையைத் தூக்க வேண்டும். முகப்பு விளக்குகள் கிரில்லுக்குப் பின்னால் பதிந்திருக்கும். அவற்றை மேலே திருப்பி, இரவில் என்ஜின் வேலைக்கு வெளிச்சமாகப் பயன்படுத்தலாம். சேசிஸின் முன்குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய், ஃபோர்டு செய்ததில் கவிழ்த்த 'ப' வடிவம். ஃபோர்டோ தன் வண்டியின் போல்ட் தலைகளில்கூட ஆங்கில எஃப் எழுத்தைக் குத்தியிருந்தது. இப்படிப் போல்ட் வரைக்கும் அடையாளம் சுமக்கும் ஒரு வண்டியைத் தகடு வெட்டிப் பச்சை அடித்து உண்டாக்க முடியாது. நல்ல சி.ஜே.-3பியும் போய், வில்லிஸும் கிடைக்காமல், இரண்டுக்கும் நடுவில் ஒன்று மிஞ்சும்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, 'ராணுவத் தோற்றம்தானே எனக்குப் பிடித்தது' என்பது. அந்த ஆசையை மதிக்கிறேன். ஆனால் ராணுவ நினைவுக்காக அமெரிக்க நட்சத்திரத்தைக் கடன் வாங்க வேண்டிய தேவை சி.ஜே.-3பிக்கு இல்லை. இந்திய ராணுவமும் இந்த வண்டியைப் பயன்படுத்தியிருக்கிறது. 1965 போரில் கேம்கரன் பகுதியில், ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியால் பாட்டன் டாங்கிகளை வீழ்த்தி உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஜீப்பும் போரும் சேர்ந்த நம் சொந்த நினைவு இவ்வளவு அருகில் இருக்கிறது. அமெரிக்கப் படையின் அடையாளத்தை ஒட்டி அதை மறைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு உரிமை பற்றியது: என் பணம், என் வண்டி, என் விருப்பம். ஓரளவுக்குச் சரி. ஆனால் சாலையில் ஓடும் வண்டிக்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. என்ஜினை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டி அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். அதைவிட முக்கியமானது, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பதிவு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சேசிஸிலோ உடலிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்யாத சொந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துகளுடன் தனி எண் தருகிறார்கள். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, அதன்பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். 1970களின் நடுப்பகுதி வரை பதிவான ஜீப்புகள் இன்று அந்த வாசலில் நிற்கின்றன. பானெட்டை வெட்டிய வண்டி அந்த வாசலுக்குள் நுழைய முடியாது. இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு, மறைக்கக் கூடாது: விண்டேஜ் எண் பெற்ற வண்டியைக் கண்காட்சி, ராலி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு அது ஒத்துவராது. தினமும் ஓட்ட விரும்புகிறவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பின்னாளில் மனம் மாறினாலும் அந்தக் கதவு திறந்திருக்க, வண்டி வெட்டுப்படாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. 'நான் வாங்கும்போதே என்ஜின் மாறியிருந்தது, கியர் பாக்ஸ் வேறு வண்டியுடையது, உடல் பாதி புதுத் தகடு. இதில் எதை அசல் என்று காப்பாற்றுவது?' உண்மைதான். அறுபது ஆண்டு உழைத்த ஜீப் வந்தபடியே இருக்காது. இதற்கு நல்ல உதாரணம் டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் விட்டுப்போன 1950களின் லேண்ட் ரோவர்கள் அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்துச் சந்தக்ஃபூவுக்கு இன்னும் ஆளேற்றுகின்றன. அவற்றில் பலவற்றின் உள்ளே மஹிந்திரா டீசல் என்ஜின். உதிரி கிடைக்காத மலையில் பிழைப்பு நடக்க வேண்டிய தேவை அந்த மாற்றங்களைச் செய்தது; அவை அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கையின் பகுதி. ஏலத்தோட்ட ஜீப்புக்கு 1980களில் வந்த டீசல் என்ஜினையும், பின்னால் பற்றவைத்த ஆளேற்றும் கம்பியையும் நான் இந்த வகையிலேயே வைப்பேன். அவற்றைக் கழற்றி எறிந்து எப்படியாவது தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உழைப்பு கேட்ட மாற்றம் வேறு, ஒரு மாதத்து மோகம் கேட்ட மாற்றம் வேறு. முன்னதை எதற்காக வந்தது என்று குறித்துவைத்துக் காப்பாற்றலாம். பின்னதைத் தொடங்காமலே இருக்கலாம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெட்டுவதே மலிவு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் பொறுமையாகத் தேடுகிறவருக்கு இந்தக் குடும்பத்து உதிரிகள் இன்றும் அகப்படுகின்றன. டி-90 கியர் பாக்ஸ், ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் வம்சம் இங்கே நீண்ட காலம் ஓடியதே காரணம். வாங்குமுன் பெயிண்டின் பளபளப்பைப் பார்க்காமல் அடியில் குனிந்து பாருங்கள். தரைத் தகட்டுக்குக் கீழே தாங்கலாக ஓடும் மடிப்புப் பட்டைகளில் நீர் தங்கித் தங்கி உள்ளிருந்து துரு தின்றிருக்கும். மேலே பட்டி பூசி மறைத்திருப்பார்கள். ஸ்பிரிங் தொங்கும் இடங்களில் சேசிஸ் விரிசல் விட்டிருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்க வேண்டும். சேசிஸின் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளந்தால் அது முறுக்கியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். முன்சக்கரம் உதறினால் உடனே புதிய அச்சு தேட வேண்டியதில்லை. கிங் பின் பேரிங், டை ராடு முனைகள், ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலும் அடங்கும். என்ஜினைப் பிரித்த பிறகு பிளாக்கிலும் வால்வு இருக்கைகளிலும் விரிசல் இல்லையென்றால், நல்ல லேத் பட்டறையில் ரீபோர் செய்து, தேவைப்பட்டால் சிலீவ் போட்டு, அதே என்ஜினை இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓட்டலாம். வார்ப்பிரும்பில் கனமாகச் செய்த, வேகம் குறைந்த என்ஜின் அது. திரும்பத் திரும்பத் திறந்து சரிசெய்ய வசதியாகவே இருக்கும். துருப்பிடித்த தகட்டில் கெட்ட பகுதியை மட்டும் அறுத்து அந்த அளவுக்குத் துண்டு வைக்கும் டிங்கர், முழு உடலையும் புதிதாக வளைத்துத் தருகிறவரைவிட அதிக நாள் எடுப்பார், கூலியும் கேட்பார். அது மறுக்க முடியாதது. ஆனால் டீசல் மாற்றம், புதுக் கிரில், தாழ்த்திய உடல், பெரிய டயர், அதைத் தாங்காமல் உடையும் அச்சு என்று வளர்ந்துகொண்டே போகும் செலவோடு ஒப்பிட்டால், பழுது பார்ப்பது எனக்கு மலிவாகவே தெரிகிறது. ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தைக் கைவிட்டால் இன்னும் மலிவு.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு நேரான பதில் தருகிறேன். டிரம் பிரேக்கும் ஒற்றை ஹைட்ராலிக் இணைப்பும் கொண்ட ஜீப் இன்றைய நெடுஞ்சாலை வேகத்துக்குச் செய்ததல்ல. அதனால் அசல் நிலைதான் முக்கியம் என்று பிடிவாதம் பிடித்து உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன். வீல் சிலிண்டர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் புதிதாகவே இருக்க வேண்டும். சீட் பெல்ட் பொருத்துங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும் என்பதால், எரிபொருள் குழாய்களையும் பம்ப் டயஃப்ரமையும் அதைத் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: போல்ட் கழற்றினால் வண்டி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வெட்டும் வெல்டிங்கும் அப்படித் திரும்ப விடாது. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனத்தின் அடிப்படையும் ஏறத்தாழ இதுதான்: முடிந்த வரை காப்பாற்று, தேவையான அளவே தொடு, செய்ததைக் குறித்துவை. 1948 ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவர் முன்மாதிரிகளில் ஒன்று பல பத்தாண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டபோது, அதைப் புதிதுபோல் மினுக்கப் போவதில்லை, வெளிறிய பழைய பச்சைப் பெயிண்டையும் தகட்டின் வயதையும் காக்கப் போகிறோம் என்று 2018இல் அந்த நிறுவனமே அறிவித்தது. புதுத் தகடு வளைக்கும் வசதி எல்லாம் கையில் இருந்தவர்கள் எடுத்த முடிவு அது.

உங்களில் யார் எந்த ஜீப்பை வாங்கினாலும், முதல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் சில வேலைகளைச் செய்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். சேசிஸ் எண், என்ஜின் எண், உடலில் பதித்த தகடு ஆகியவற்றைத் தெளிவாகப் படம் எடுங்கள். ஆர்.சி. புத்தகத்தின் பழைய பக்கங்களில் முந்தைய உரிமையாளர்கள், துறைகள், ஊர்கள் ஆகியவை பதிவாகியிருந்தால் அவற்றையும் எழுதிவையுங்கள். கதவோரம், டூல் பாக்ஸின் உட்புறம், இருக்கைக்கு அடியில் என்று வெயில் படாத இடங்களில் முதல் பெயிண்டின் நிறம் மிச்சமிருக்கும். சுரண்டும் முன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத் தகட்டில் மணல் தாள் ஓடும்போது அடியிலிருந்து ஒரு யூனியன் பெயரோ துறையின் பெயரோ தலைகாட்டினால், அங்கேயே கையை நிறுத்தி அதைப் படம் பிடியுங்கள். கழற்றும் உதிரிகளில் மாற்றப்பட்டவற்றையும் எறியாமல் சீட்டெழுதி ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள். உங்கள் வட்டாரத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து இந்த விவரங்களை ஒரே நோட்டில் தொகுக்க முடிந்தால், எந்த ஆண்டு எந்த உதிரி மாறியது, எந்தத் துறைக்கு எந்த நிறம் அடித்தார்கள் என்பது சில ஆண்டுகளில் தெளிவாகிவிடும். இன்று ஹை பானெட் ஜீப்புக்கு அப்படி ஒரு நோட்டு தேவைப்படுகிறது. வண்டியை விற்கும் நாள் வந்தால், வாங்குகிறவரிடம் சாவியோடும் ஆர்.சி.யோடும் அந்தப் படங்களையும் பெட்டியையும் ஒப்படைத்துவிடுங்கள்.

அன்புடன்,
பழைய ஜீப்புகளை நேசிக்கும் உங்களில் ஒருவன்